கலர் அடித்தால் மூளை சரியாகிவிடுமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அண்ணனுக்கு 31 வயது. எட்டு மாதத்துக்கு முன் பைக் விபத்து, ஹெல்மெட் இல்லை. மூளையின் முன்பகுதியில் ரத்தக்கட்டு, 16 நாள் ஐசியூ. இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். ஆனால் சட்டென்று கோபம் வருகிறது, சற்று முன் சொன்னது மறந்துபோகிறது, நாள் முழுக்கக் கட்டிலில் போனோடு கிடக்கிறார். “எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் படுத்துறீங்க” என்கிறார். வாரம் ஒருநாள் குழுவாக உட்கார்ந்து பேசி, படம் வரையும் சிகிச்சைக்கு அனுப்பும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்பாவோ, “முப்பது வயசுப் பையன் போய் கலர் அடிச்சா மூளை சரியாயிடுமா?” என்று கேட்கிறார். அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆனால் அப்பாவின் கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள், அது நேர்மையான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன். கலர் அடித்தால் மூளை சரியாகாது. இறந்துபோன நரம்பணுக்களை எந்த வண்ணமும் திரும்பக் கொண்டுவராது. அப்படி ஆகும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர். தலைக்காயம் பட்டவர்களோடு பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அதில் பதினொரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இப்படி ஒரு குழுவை நடத்துகிறேன். நான் பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் அண்ணனுக்கு இன்று மிச்சமிருக்கிற சிக்கலில் பெரும்பகுதி மாத்திரை தொடாதது, ஸ்கேனில் தெரியாதது. மனுஷர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அதைச் சரிக்கட்ட முடியும்.

மூளையின் முன்பகுதி அடிபட்டால் பெரும்பாலும் கை கால் விளங்காமல் போவதில்லை. அதனால்தான் ஊரும் உறவும் “பையன் நல்லாத்தானே இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போகிறது. திட்டமிடுவது, ஒன்றைத் தொடங்குவது, கோபத்தை ஒரு நொடி நிறுத்திப் பிடிப்பது, எதிரில் இருப்பவர் முகத்தைப் படிப்பது எல்லாம் அந்த இடத்து வேலை. கட்டிலில் கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை. ‘எழுந்திரு’ என்று உள்ளேயிருந்து சொல்கிற குரல் மெலிந்துவிட்டது.

இதை விளக்க எல்லாரும் ஃபினியாஸ் கேஜ் கதையைச் சொல்வார்கள். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது, இரும்புக் கம்பி ஒன்று அவர் கன்னத்தின் கீழே நுழைந்து மண்டையின் உச்சி வழியாக வெளியே பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குணம் மாறிப்போனது. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமானது அடுத்த பாதி. பின்னாளில் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் அதே நேரம், அதே பாதை, பயணிகளிடம் நடந்துகொள்ள வேண்டிய அதே முறை. வெளியே இருந்த அந்த ஒழுங்குதான் உள்ளே குலைந்ததைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல குழு செய்வதும் அதைத்தான். அதே கிழமை, அதே நாற்காலி, அதே முகங்கள்.

இப்போது “எனக்கு ஒண்ணுமில்ல” என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் பாதிச் சண்டை இதில்தான் மூளும் என்று நினைக்கிறேன். இது வீம்பும் இல்லை, பொய்யும் இல்லை. குறையைக் கண்டுபிடிக்க வேண்டிய பகுதியே அடிபட்டிருக்கும்போது, குறை இருப்பது அவருக்கே தெரியாது. பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914-இலேயே இந்த நிலைக்கு ‘அனோசோக்னோசியா’ என்று பெயர் வைத்தார். தன் நோயைத் தான் அறியாமை என்று பொருள். அம்மாவோ மனைவியோ தங்கையோ நூறு முறை எடுத்துச் சொன்னாலும் ஏறாது. சொல்பவர் நலமாக இருப்பவர், கேட்பவர் அடிபட்டவர். அந்த உயரவித்தியாசமே காதை அடைத்துவிடும்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பரோட்டா மாஸ்டர் ஒருவர், நாற்பது தாண்டியவர், மாடியிலிருந்து விழுந்து தலையில் அடி. முதல் நாள் வந்து உட்கார்ந்ததுமே அறிவித்துவிட்டார்: “எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். வீட்டுக்காரிதான் சும்மா சும்மா சொல்லிக்கிட்டுத் திரியிறா.” நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே ஒரு கல்லூரி ஆசிரியர், ஒரு வருடமாக வருகிறவர். அவர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, நானும் ஆறு மாசம் இதையேதான் சொன்னேன். போன வாரம் அடுப்புல பாலை வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். பாத்திரம் கருகி வீடு பூரா புகை.” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். மாஸ்டர் மேசையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “நான் ரெண்டு தடவ.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஏழு மாதமாகச் சொல்லிக் கேட்காத ஒன்று இது. அடுத்த வாரம் மாஸ்டர் சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு வந்தார். நான் கொடுத்தது இல்லை, ஆசிரியர் வைத்திருப்பதைப் பார்த்துத் தானே வாங்கியது. குழுப்பேச்சு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அறிவுரை சொல்லும் கூட்டம் இல்லை அது. அதே அடி பட்டவர் வாயிலிருந்து, அதே உயரத்திலிருந்து உண்மையைக் கேட்கும் இடம்.

இது புதிய யோசனையும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற மருத்துவர், தலையில் குண்டடிபட்ட வீரர்களுக்கென்று தனி நிலையமே நடத்தினார். மருத்துவம், மனப் பயிற்சி, கைத்தொழில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அவர் கவனித்த ஒன்று உங்களுக்கு உடனே உதவும். தன்னால் முடியாத வேலை திடீரென்று முன்னால் வந்து நின்றால், இவர்கள் எரிந்து விழுவார்கள், அல்லது உறைந்துபோவார்கள். அண்ணனின் கோபத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கோபத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் அவருக்குப் புரியாத கேள்வியோ, செய்து முடிக்க முடியாத வேலையோ, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதோ இருந்திருக்கும்.

1970-களில் இஸ்ரேலில், போரில் மூளைக் காயம் பட்டவர்களுக்காக யெஹூதா பென்யிஷாய் என்ற உளவியலாளர் நாள் முழுக்கக் குழுவாகவே நடத்தும் மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு அதை நியூயார்க்கின் ரஸ்க் மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார். அந்த ரஸ்க் நிலையத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, சக்கர நாற்காலியிலேயே அறுவை சிகிச்சை செய்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், அங்கேதான் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். அடிபட்ட ஒருவரே அடிபட்டவர்களுக்கு வழிகாட்ட முடியும் என்பதற்கு நம் கண்முன்னால் இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அப்பா ஆதாரம் கேட்பார். ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் சிசரோனும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக் காயம் பட்ட 68 பேரைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான தனித்தனிச் சிகிச்சை. மறுபாதிக்குக் குழுவையும் தனிப் பயிற்சியையும் சேர்த்து வாரம் 15 மணி நேரம், 16 வாரம். ஞாபகம், கவனம் போன்ற சோதனைகளில் இரு பக்கமும் முன்னேறின. ஆனால் வெளியே போய் மனிதர்களோடு கலந்து வாழ்வதில், ‘என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கையில், குழுவில் இருந்தவர்கள் தெளிவாக முன்னே போனார்கள். ஓவியத்துக்கு இவ்வளவு உறுதியான சோதனை இல்லை, இருப்பவை சிறியவை. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் ஓவியத்தைக் குழுவோடு சேர்த்தே பயன்படுத்துகிறேன், தனி மருந்தாக இல்லை.

அப்படியானால் ஓவியம் எதற்கு? 1942-இல் ‘கலைச் சிகிச்சை’ என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தபோது, படுக்கையிலேயே வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்டார், பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவருடைய காரணம் மன ஆறுதல். மூளைக் காயத்தில் அதைத் தாண்டி வேறு காரணங்களும் இருக்கின்றன. ஒரு கோலத்தை வைத்துக் காட்டுகிறேன்.

ஐம்பத்தாறு வயது அக்கா ஒருவர். மூளையின் வலப்பக்கம் அடி. கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடப்பக்க உலகம் அவர் கவனத்துக்கே வராது. சாப்பிட உட்கார்ந்தால் இலையின் இடது ஓரத்தில் வைத்த உப்பும் ஊறுகாயும் தொடப்படாமல் அப்படியே கிடக்கும், “ஊறுகாய் வைக்கலையா” என்று கேட்பார். சேலைத் தலைப்பு இடது தோளிலிருந்து நழுவி விழுந்தாலும் தெரியாது. வீட்டில் எல்லாரும் பார்வைக் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி மாற்றிவிட்டார்கள்.

அவர் நாற்பது வருடம் தினமும் வாசலில் கோலம் போட்டவர். கறுப்பு சார்ட் தாளைத் தரையில் ஒட்டி, கோலமாவைக் கொடுத்து, ஏழு புள்ளி ஏழு வரிசைச் சிக்குக் கோலம் போடச் சொன்னேன். விரல்கள் மறக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே சீராக இறங்கியது. ஆனால் புள்ளி வைத்தது தாளின் வலப்பாதியில் மட்டும். வரிசைக்கு நான்கு. அதைச் சுற்றியே கம்பி இழுத்து வளைத்து, இடது ஓரத்தில் கோடு திரும்பி வந்து மூட வேண்டிய இடத்தில் அந்தரத்தில் விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு “முடிஞ்சது” என்றார். பக்கத்தில் இருந்த பையன், “யக்கா, இந்தப் பக்கம் புள்ளியே வெக்கலையே” என்றான். “எந்தப் பக்கம்?” என்று உண்மையாகவே கேட்டார்.

பிறகு தாளின் இடது ஓரம் முழுக்கச் சிவப்பு டேப் ஒட்டினோம். ஒவ்வொரு வரிசை தொடங்குமுன் சிவப்பை விரலால் தொட்டுவிட்டுத்தான் முதல் புள்ளி. அது ஒன்றுதான் விதி. இரண்டாம் வாரம் ஐந்து புள்ளி. ஐந்தாம் வாரம் ஏழும் வந்தது, கம்பி மட்டும் ஓர் இடத்தில் தப்பியது. தப்பியதை அவரே கண்டுபிடித்தார். என் கண்ணில் நீர் வந்தது அன்றைக்குத்தான். தப்பைத் தானே பார்ப்பது என்பது எங்கள் வேலையில் அவ்வளவு பெரிய விஷயம். வீட்டில் இலைக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புக் கைக்குட்டையை வைக்கச் சொன்னேன். ஊறுகாயைக் கை தேடிப்போகத் தொடங்கியது.

உலகத்து ஓவியர்களிலும் இந்த நிலை பதிவாகியிருக்கிறது. ஆன்டன் ரேடர்ஷைட் என்ற ஜெர்மன் ஓவியர் 1967-இல் பக்கவாதம் வந்தபின் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். முதல் படங்களில் முகத்தின் ஒரு பாதி காலியாக இருக்கும். மாதங்கள் போகப்போக அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். முன்னேற்றத்தைத் தாள் காட்டியது. உங்கள் அண்ணனுக்கும் இந்த ஒரு காரணம் போதும். பேசினால் காற்றோடு போய்விடும், மறந்தும்விடும். தாள் மறக்காது. மூன்று மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்தால், ஞாபகம் தங்காத ஒருவருக்குத் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது கண்ணால் தெரியும். அதனால் நாங்கள் எந்தத் தாளையும் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி.

உங்கள் அண்ணனுக்கு வரப்போகிற தடை வேறு மாதிரி இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன்மூளை அடிபட்டவருக்கு வெற்றுத் தாளைவிடப் பெரிய எதிரி இல்லை. பன்னிரண்டு கலரும் ஒரு வெள்ளைத் தாளும் கொடுத்து “இஷ்டப்படி வரைங்க” என்று சொன்னால், அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். விருப்பம் இல்லாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்கிற பொறிதான் அடிபட்டிருக்கிறது. அதனால் நாங்கள் தாளில் ஏற்கெனவே ஒரு கோடோ வட்டமோ போட்டுக் கொடுப்போம். கலர் இரண்டே இரண்டு. “இந்த வட்டம் என்னவாகலாம்?” தோசையாகும், சக்கரமாகும், நிலாவாகும். சிலர் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாமல் அதே வட்டத்தைத் தாள் கிழியும்வரை சுற்றுவார்கள். அவர்களைத் திட்டக் கூடாது. தாளை லேசாகத் திருப்பி வைத்தால் போதும், அல்லது கையில் பென்சிலுக்குப் பதில் பஞ்சைக் கொடுத்தால் போதும், சுழல் அறுந்துவிடும். தொடங்குதல், அடுத்தது என்னவென்று யோசித்தல், நிறுத்துதல் மூன்றும்தான் குளிப்பதற்கும் சமைப்பதற்கும் வேலைக்குக் கிளம்புவதற்கும் வேண்டியவை. அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அண்ணன் அங்கே படம் வரையக் கற்கவில்லை, ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்கக் கற்கிறார்.

பேச்சே போனவர்களுக்கு ஓவியம் வேறொரு கதவு. எங்களிடம் வந்த முன்னாள் பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு இடப்பக்க மூளையில் ரத்தக்கசிவு. அஃபேசியா என்போம். இவருக்குப் புரியும், ஆனால் சொல் வராது. “ஆமா”, “அது”, இவ்வளவுதான் மிச்சம். அறிவு போய்விட்டது என்று உறவினர்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் இடக்கையால் பென்சிலைப் பிடித்து, தாளின் கீழேயிருந்து மேலே கொண்டையூசி மாதிரி வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டார். யாருக்கும் புரியவில்லை. மேல் வளைவுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நாலைந்து கீற்று இழுத்தார். மூலையிலிருந்து ஒருவர், “கொடைக்கானல் ரோடா? இது வெள்ளி அருவியா?” என்றார். ஓட்டுநர் மேசையை அடித்தார். “ஆமா! ஆமா!” அதன் பிறகு அரை மணி நேரம் ஒவ்வொரு வளைவையும் தொட்டுக் காட்டினார். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள்: இங்கே பனியா? பிரேக் போச்சா? டீக்கடையா? ஆமா, தலையாட்டல், இல்லை என்று கையசைப்பு. வத்தலக்குண்டிலிருந்து அந்த மலையேற்றம் முழுவதையும் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கனடாவின் டொரன்டோவில் அஃபேசியா இன்ஸ்டிடியூட் பல வருடமாகக் கற்றுத்தரும் முறையும் இதுதான்: ‘உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்’ என்பதை முதலில் வாய்விட்டுச் சொல், பிறகு தாள், படம், எழுத்து, சைகை எல்லாவற்றையும் பேச்சுக்குப் படிக்கட்டாகக் கொடு.

(பேச்சு வராதவர்களுக்குப் பாட்டு வருவதையும் பார்த்திருப்பீர்கள். 2011-இல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் சொற்களை மீட்டதில் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் குழுவும் பாட்டோடுதான் கலையும்.)

அமெரிக்காவில் மேரிலாந்தின் பெத்தெஸ்டாவில், வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வளாகத்தில், 2010-இல் திறக்கப்பட்ட மையம் ஒன்று இருக்கிறது. வெடிகுண்டு அதிர்வில் மூளைக் காயம் பட்ட வீரர்களை அங்கே முகமூடி செய்யச் சொல்கிறார்கள். வெற்று முகம் ஒன்று கொடுக்கப்படும், உள்ளே இருப்பதை அதன்மேல் வைக்க வேண்டும். வாயைத் தைத்த முகங்கள், பாதி முகம் வீரனாகவும் பாதி சிதைந்தும் இருப்பவை என்று வந்தன. மனைவியிடமும் சொல்லாத ஒன்றை முகமூடியைக் காட்டிச் சொல்ல முடிந்தது அவர்களுக்கு. 370 முகமூடிகளை வைத்து 2018-இல் ஓர் ஆய்வும் வந்தது. மனக்காயத்தை நேரடியாகச் சித்திரித்தவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அளவு கூடுதலாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அது பல பேரைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட போக்கு. ஒரு தாளைப் பார்த்து, “கறுப்பு அடிச்சிருக்கான், மனசுல இருட்டு” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு மாதம் கறுப்பாகவே அடித்தார். கேட்டதற்கு, மற்ற டப்பாக்களின் மூடியைத் திருக அவருக்குக் கையில் பலமில்லை என்று தெரிந்தது. வரைந்தவர் சொல்வதுதான் படத்தின் அர்த்தம். நடத்துபவர் படத்துக்கு அர்த்தம் சொல்லத் தொடங்கினால் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது? ஆறு முதல் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, நடுவில் இடைவேளை கட்டாயம். மூளைக் களைப்பு உடல் களைப்பு மாதிரி இல்லை, சட்டென்று விளக்கணைந்த மாதிரி வரும். பலகையில் அன்றைய தேதியும், வந்திருப்பவர்கள் பெயரும், போன வாரம் பேசியதும் எழுதியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். எங்களிடம் ஒரு கூழாங்கல் இருக்கிறது, கையில் அது இருப்பவர் மட்டும் பேசலாம். கட்டுப்பாடில்லாமல் குறுக்கே பேசுகிறவருக்குக் கல்லின் கனமே ஞாபகமூட்டும். பதில் வரத் தாமதமானால் காத்திருக்கிறார்களா பாருங்கள். அரை நிமிட மௌனத்தைத் தாங்க முடியாதவரால் இந்தக் குழுவை நடத்த முடியாது. கையில் பலமில்லாதவர்களுக்குத் தாளை டேப் போட்டு ஒட்டுகிறார்களா, பிரஷ் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கித் தருகிறார்களா, களிமண் இருக்கிறதா என்பதும் முக்கியம். உளவியலாளரோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ பேச்சுப் பயிற்சியாளரோ பொறுப்பில் இருக்க வேண்டும், ஓவிய ஆசிரியர் மட்டும் போதாது. மதிப்பெண், பரிசு, போட்டி இருந்தால் வேண்டாம்.

எல்லா நேரத்திலும் குழு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நினைவு தெளியாமல் குழம்பி அலைமோதும் ஆரம்பக் கட்டத்தில் கூட்டமும் சத்தமும் கெடுதல். உங்கள் அண்ணன் அதைத் தாண்டிவிட்டார் என்று தெரிகிறது. வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பிசியோதெரபியைக் குறைத்துக்கொண்டு ஓவியத்துக்குப் போக வேண்டாம். குடி இருந்தால் முழுதாக நிற்க வேண்டும், அடிபட்ட மூளை அதைத் தாங்காது. ‘இருந்து என்ன பயன்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால், அடுத்த சனிக்கிழமைவரை காத்திராமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தன் குறையைப் பற்றிய உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்போது, தான் இழந்தது என்ன என்பதும் சேர்ந்தே தெரிய வரும். பரோட்டா மாஸ்டர் “ரெண்டு தடவ” என்று ஒப்புக்கொண்டதற்கு அடுத்த மாதம் மிகவும் வாடிப்போனார். அது பின்னடைவு இல்லை, ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டிய காலம்.

எங்கே தேடுவது? சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையில் கேளுங்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் நிலையமும் பெங்களூரு நிம்ஹான்ஸும் நெடுங்காலமாக இந்த வேலையில் இருப்பவை. விபத்து நடந்தவுடன் உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் நம் மாநிலத்தில் வளர்ந்த அளவுக்கு, எட்டாம் மாதத்து ஏற்பாடுகள் வளரவில்லை என்பது என் மனக்குறை. அதனால் ஊருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால், உங்கள் தெரபிஸ்டிடம் இதே மாதிரி அடிபட்ட இன்னும் மூன்று குடும்பங்களைச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ‘ஹெட்வே’ என்ற அமைப்பு 1979-இல் தொடங்கி இன்று நாடு முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. அதன் கிழக்கு லண்டன் கிளையில் மூளைக் காயம் பட்டவர்களுக்கென்றே ஓவியக் கூடம் உண்டு. அதற்கு முன் தூரிகை தொடாதவர்கள் அங்கே வரைந்து கண்காட்சி வைக்கிறார்கள். நான் தொடங்கியது மூன்று நாற்காலியும் ஒரு பெஞ்சும் வைத்துத்தான்.

வீட்டில் ஒரு நோட்டைத் தொடங்குங்கள். சோவியத் மருத்துவர் லூரியாவிடம் வந்த சசெட்ஸ்கி என்ற வீரருக்கு 1943-இல் தலையில் குண்டடி. படிக்க முடியவில்லை, ஒவ்வோர் எழுத்தாக யோசித்து எழுதினால் கை நின்றுவிடும். கையை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள், வந்துவிட்டது. எழுதியதைத் தானே படிக்க முடியாத நிலையிலும் இருபத்தைந்து வருடம் சுமார் 3000 பக்கம் எழுதினார். தன்னைத் தேடிப் பிடித்துக்கொள்ள அதுதான் வழி என்று நம்பினார். அண்ணன் ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதட்டும், இல்லாவிட்டால் ஒரு படம் போடட்டும்.

அவர் வரைந்துகொண்டு வந்ததைப் பார்த்து, “சூப்பர்டா, செம!” என்று குழந்தையிடம் சொல்வது மாதிரிச் சொல்லாதீர்கள். அவருக்கு 31 வயது, பாவம் பார்த்துப் பாராட்டுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். “இது என்னண்ணா, சொல்லு” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் அப்பாவையும் ஒருநாள் கூட்டிப்போங்கள். எங்களிடம் மாதம் ஒருமுறை வீட்டார் மட்டும் உட்காரும் தனி நேரம் உண்டு. அங்கே அப்பாக்கள்தான் அதிகம் அழுகிறார்கள். அதுவரை அவர்களை யாரும் கேட்டதே இல்லை.

முதல் நாள் முடிந்து வரும்போது அண்ணன், “போர் அடிக்குது, இனிமே வரமாட்டேன்” என்று சொல்லலாம். ஏறக்குறைய எல்லாரும் சொல்வார்கள். வாதாடாதீர்கள். வரும் வழியில் கேள்வி எதுவும் கேட்காமல், வீட்டுக்கு வந்ததும் தூங்க விடுங்கள், அன்றைக்கு வேறு பயிற்சி வேண்டாம். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, “பக்கத்து நாற்காலியில யாருண்ணா உக்காந்திருந்தாங்க?” என்று மட்டும் கேளுங்கள். பெயர் ஞாபகம் வராது. ஆனால் முகமோ, சட்டையோ, அவர் சொன்ன ஏதோ ஒன்றோ வரும். அதை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, நான்கு சனிக்கிழமை மட்டும் என்று பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். ஐந்தாவது வாரம் கிளம்பச் சொல்லும் வேலையை அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துக்கொள்வார்.